எட்டாவது ஆள் எங்கே?

கணவரை இழந்து மேடையில் அமர்ந்திருக்கும் ஹெல்வி அண்ணி அவர்களே, ஜெபம் சொல்லித் தொடங்கி வைத்த போதகர் அவர்களே, லாகர்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் முதலாளி திரு. கார்னெட் பெல்லோ அவர்களே, முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருக்கும் என் பழைய கூட்டாளி ஓரஸ்ட்டே, பழக்கமில்லாத கறுப்புக் கோட்டுக்குள் நெளிந்துகொண்டிருக்கும் ஆட்டக்காரத் தம்பிகளே, காகித மில்லில் காலை முறையை மாற்றிக்கொண்டு மட்டையும் கையுமாக வந்திருக்கும் வைட்ஃபிஷ் லேண்டிங் மக்களே, உங்கள் எல்லோருக்கும் இந்தத் தடுப்பாட்டப் பயிற்சியாளன் ரஸ் மேக்கோலியின் வணக்கம்.

பெட்டிக்குள் படுத்திருக்கிற மனிதருக்கு மட்டும் நான் வணக்கம் சொல்லப் போவதில்லை. சொன்னால், "வணக்கம் கிடக்கட்டும்டா, எட்டாவது ஆள் எங்கே?" என்று எழுந்து உட்கார்ந்து கேட்டாலும் கேட்பார்.

முதலில் ஒரு வேண்டுகோள். ஒருவரை மெச்ச வேண்டுமென்றால் மட்டையைத் தரையில் தட்டுவது நம் வழக்கம். இன்று நான் பேசி முடிக்கும் வரை யாரும் தட்ட வேண்டாம். மாலையில் இங்கே ஆட்டம் இருக்கிறது. உங்கள் காலடியில் இருப்பது பலகை. பலகைக்கு அடியில் இருப்பது பனிக்கட்டி. அதை நாங்கள் உருக்கவில்லை, மூடித்தான் வைத்திருக்கிறோம். இந்நேரம் அந்தக் குளிர் உங்கள் பூட்ஸுக்குள் ஏறியிருக்கும். ஏறட்டும். நான் சொல்ல வந்ததும் அடியில் கிடக்கிற ஒரு விஷயத்தைத்தான்.

யார் இந்த டாய்வோ கெட்டுனென்? கோல் அடித்தவரா? இல்லை. கோப்பையைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டவரா? இல்லை. இந்த அணியின் பொது மேலாளர். யாரை எடுப்பது, யாரை விடுவது, யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று முடிவு செய்தவர். கோல் அடிக்கிறவர்களை விட்டுவிட்டுத் தடுக்கிறவர்களையே சேர்க்கிறார் என்று பத்திரிகைக்காரர்கள் அவருக்குப் 'பின்வாசல் காவலர்' என்று கேலிப் பெயர் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்து மாட்டிக்கொண்டார். பின்வாசல் காவலர் டாய்வோ கெட்டுனென் போன செவ்வாய்க்கிழமை தன் வீட்டு வாசலில் பனியை அள்ளிக்கொண்டிருந்தபோது, மண்வாரியைச் சுவரில் ஒழுங்காகச் சாய்த்து வைத்துவிட்டு, படியில் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை. பின்வாசல் காவலர் போய்விட்டார். பின்வாசல் திறந்து கிடக்கிறது.

ஓர் ஆட்டத்துக்குத் தடுப்பாட்டக்காரர்கள் ஆறு பேர் போதும். இரண்டிரண்டு பேராக, மூன்று ஜோடி. இது குழந்தைக்கும் தெரியும். டாய்வோ எட்டுப் பேரை வைத்திருந்தார். ஏழாவது ஆளும் எட்டாவது ஆளும் கோட்டு போட்டுக்கொண்டு, அதோ, அந்த உச்சி வரிசையில் உட்கார்ந்து பாப்கார்ன் தின்பார்கள். இந்த அரங்கத்தில் அதிகமாகப் பாப்கார்ன் தின்றவன் நான்தான். அந்தச் சாதனையை முறியடிக்க இன்னும் ஒருவன் பிறக்கவில்லை. பல வருடம் நான்தான் எட்டாவது ஆள். டாய்வோ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. 'எட்டு' என்றுதான் கூப்பிடுவார். என் கல்யாணத்தில் என் மாமனாரிடமே, "நம்ம எட்டு நல்ல பையன்" என்றார். மீதி ஏழு மருமகன்கள் எங்கே என்று அந்த மனிதர் திரும்பிப் பார்த்தார்.

முதல் வருடம் எனக்கு வெட்கமாக இருந்தது. கடைக்குப் போனால், "என்னய்யா, நேத்து நல்லா உக்காந்தியா?" என்று கேட்பார்கள். பொறுக்க முடியாமல் ஒரு நாள் அவர் அறைக்குப் போனேன்.

"டாய்வோ, என்னை விட்டுடுங்க. ஆடாம சம்பளம் வாங்கறது ஒரு மாதிரியா இருக்கு."

அவர் காப்பியில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே கேட்டார். "மரவண்டி போற காட்டு ரோட்டுல நீ கார் ஓட்டறேல்ல? பின்னால ஸ்டெப்னி வெச்சிருக்கியா?"

"வெச்சிருக்கேன்."

"அது வெட்கப்படுதா?"

"டயருக்கு எங்க வெட்கம்?"

"அப்ப போய் உக்காரு. கூச்சப்படற ஸ்டெப்னிய நான் எங்கயும் பாத்ததில்ல."

அவ்வளவுதான் அவர் பேச்சு. ஆனால் அடுத்த வருடச் சம்பளம் பேசும்போது, ஆடாத எனக்கு ஆடுகிற ஐந்தாவது ஆளுக்குச் சமமாகக் கொடுத்தார். ஏன் தெரியுமா? "குறைச்சுக் கொடுத்தா நீ ஜனவரில வேற ஊருக்குப் போயிடுவே. எனக்கு நீ தேவைப்படறது பிப்ரவரில" என்றார். சொன்னபடியே பிப்ரவரியில் இரண்டு பேருக்குக் காலில் அடிபட்டது. மார்ச் வரை நான் ஆடினேன். நன்றாக ஆடினேன் என்று சொல்ல மாட்டேன். நின்றேன். அது போதும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சம்பளம் என்றதும் அந்தக் கூரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லா அணிகளுக்கும் லீக் ஒரு கூரை போட்டிருக்கிறது. ஓர் அணியில் உள்ள அத்தனை பேர் சம்பளமும் சேர்ந்து அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் புது ஆளை எடுக்க விடமாட்டார்கள். எல்லா மேலாளர்களும் கூரையில் தலை இடிக்கும்வரை செலவழிப்பார்கள். டாய்வோ மட்டும், "ஒரு சாண் இடம் விடு. விக்கல் வந்தா தலையைத் தூக்க இடம் வேணும்" என்பார்.

அந்த ஒரு சாண் இடம் எங்கிருந்து வந்தது? கோல் அடிக்கிறவர்களிடமிருந்து வந்தது. அவர்கள் சும்மா கொடுத்தார்களா? பேரம் பேசுவதற்கு அவர்களைத் தன் வீட்டு ஆவிக்குளியல் அறைக்குக் கூப்பிடுவார். சூடான கற்களுக்குப் பக்கத்தில் துண்டோடு உட்கார வைப்பார். அந்த ஆள் ஒவ்வொரு முறை தொகையை ஏற்றிச் சொல்லும்போதும் டாய்வோ ஒரு கரண்டித் தண்ணீரை எடுத்துக் கல்லில் ஊற்றுவார். அவ்வளவுதான். ஆவி எழும்பும். அவரும் அதே சூட்டில்தான் உட்கார்ந்திருப்பார். நம் பழைய அணித்தலைவன் ஒருவன் சொல்வான், "மூணாவது கரண்டில எனக்கு எங்கம்மா முகம் தெரிஞ்சுது, கையெழுத்துப் போட்டுட்டேன்" என்று. ஹெல்வி அண்ணி சிரிக்கிறார்கள். அந்தக் கையெழுத்துகளுக்குப் பேனா எடுத்துக்கொண்டு போனவர்களே அவர்கள்தான்.

சிரித்தாயிற்று. இனிச் சிரிக்க ஒன்றுமில்லை.

எட்டு, எட்டு என்று அந்த மனிதர் ஏன் பிடிவாதம் பிடித்தார்? தம்பிகளே, உங்களில் பலருக்குத் தெரியாது. ஓரஸ்ட், நான் சொல்லலாம்தானே? தலையாட்டுகிறான்.

டாய்வோ மேலாளர் ஆவதற்கு முன்னால், ஆட்டக்காரர் பெஞ்சில் துணைப் பயிற்சியாளராக இருந்தார். அப்போதிருந்த மேலாளர் நல்லவர், போய்ச் சேர்ந்துவிட்டார், பேரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. அவர் ஒரு வருடம் கோப்பைக்கு ஆசைப்பட்டு, பெரிய சம்பளத்துக்கு ஒரு கோல் அடிப்பவரைக் கொண்டு வந்தார். அதற்காக ஏழாவது ஆளையும் எட்டாவது ஆளையும் விற்றார். கூரையில் தலை இடித்தது. ஊரே கொண்டாடியது. நானும் கொண்டாடினேன். வந்தவரும் வஞ்சகமில்லாமல் கோல் அடித்தார்.

அப்புறம் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தது. ஒருவனுக்குக் கணுக்கால் பிசகியது. நான்கு நாளில் சரியாகிற சமாச்சாரம். ஆனால் அந்த நான்கு நாளுக்கு ஆள் எடுக்கக் கூரைக்குக் கீழே இடமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இதே இடத்தில், ஆறு பேர் செய்கிற வேலையை நான்கு பேர் செய்தார்கள்.

கடைசிப் பகுதியில் ஓரஸ்ட் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தான். உட்கார்ந்த சூடு ஏறுவதற்குள் அவனை மறுபடி அனுப்ப வேண்டியிருந்தது. டாய்வோதான் அவன் தோளைத் தட்டினார். "இன்னும் ஒரு தடவைடா" என்றார். வேறு யார் இருந்தார்கள், தட்டுவதற்கு? பக், அந்த ரப்பர் வட்டு, நம் பக்கத்துச் சுவரோரமாக உருண்டு போனது. ஓரஸ்ட் அதைத் துரத்திப் போனான். மற்ற நாளாக இருந்தால் ஒரு காலை ஊன்றித் திரும்பியிருப்பான். அன்று அந்தக் கால் திரும்பவில்லை. பின்னால் வந்து மோதிய எதிரணிக்காரன் மேல் தப்பில்லை. சுவரில் மோதிய சத்தம் இங்கே இருந்த எல்லோருக்கும் கேட்டது. அதற்குப் பிறகு வந்த அமைதியும் கேட்டது.

ஓரஸ்ட் அன்றிலிருந்து நடக்கவில்லை. டாய்வோ அன்றிலிருந்து யார் தோளையும் தட்டவில்லை. மேலாளர் ஆன அன்று காலையிலிருந்து ஒரே கேள்விதான். மழையோ பனியோ, ஜெயித்தோமோ தோற்றோமோ, முதல் வாய்க் காப்பிக்கு முன்னால் பயிற்சியாளரிடம் கேட்பார்: "எட்டாவது ஆள் எங்கே?" பேரைச் சொல்ல வேண்டும். ஆள் எங்கே இருக்கிறான், சாப்பிட்டானா, கால் நன்றாக இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் காப்பி. அவர் இருந்த வருடங்களில் இந்தத் தளத்திலிருந்து ஒரு தடுப்பாட்டக்காரனைக்கூட நாம் தூக்கிக்கொண்டு போகவில்லை. எந்தக் கோப்பை இதற்கு ஈடாகும்?

அவையோரே, இப்போது அந்தக் கேள்வியை நான் கேட்கிறேன். எட்டாவது ஆள் எங்கே? உச்சி வரிசையைப் பாருங்கள். இரண்டு நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. டாய்வோ இறந்தது செவ்வாய். வியாழக்கிழமை ஏழாவது ஆளும் எட்டாவது ஆளும் தெற்கே வேறு அணிக்குப் போனார்கள். பதிலுக்கு ஒரு கோல் அடிப்பவர் வந்திருக்கிறார். மூன்றாவது வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் தம்பி, உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நிமிர்ந்து உட்கார். நீ கேட்டா வந்தாய்?

முதலாளி அவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. மில்லில் பாதி எந்திரங்கள் நின்றபோது, இந்த அணியை விற்காமல் வைத்திருந்தவர் அவர். பெட்டியைப் பார்த்து அவர் அழுததில் பொய் இல்லை. காலையில் வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ரஸ், கூட்டத்துல ஆட்டக் கதை எல்லாம் வேணாம். நாலு நல்ல வார்த்தை சொல்லிட்டு இறங்கு."

"முதலாளி, ஏழும் எட்டும் இல்லாம..."

"ஆடறது ஆறு பேரு. ஆறு பேரு இருக்காங்க. மேல உக்காந்து திங்கறதுக்குச் சம்பளம் குடுக்க நான் என்ன சத்திரமா நடத்தறேன்?" அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "டேய், நான் இதை டாய்வோவுக்காகத்தான் செய்யறேன். இந்த வருஷம் அவர் பேர்ல கோப்பையைத் தூக்கணும்டா."

கேட்டீர்களா? அவருக்காகவாம். ஒரு மனிதர் ஆயுள் முழுக்கப் பூட்டி வைத்த கதவை, அவர் நினைவாகத் திறந்து வைக்கிறோம். இதைக் கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். பாசத்தில் செய்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

உள்ளே வந்தேன். ஓரஸ்ட்டின் நாற்காலியை முன்வரிசைக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். அவன் மேலே பார்த்தான். காலியான அந்த இரண்டு நாற்காலிகளைப் பார்த்தான். பிறகு ஒன்றே ஒன்று கேட்டான்.

"இந்த வாட்டி யாரு முறை?"

அதற்குப் பிறகு நான் நம் ஆறு தம்பிகளை ஒவ்வொருவராகப் பார்க்கத் தொடங்கினேன். பார்த்தது எனக்குப் பிடிக்கவில்லை.

இன்று மாலை ஏழு மணிக்கு ஆட்டம். மூன்று மணிக்கு லீக் கதவைச் சாத்துகிறது. அதற்குப் பிறகு சீசன் முடியும்வரை எந்த அணியும் ஆள் எடுக்க முடியாது. யாருக்காவது காயம் என்றால் மூன்று மணிக்குள் சொல்லிவிட வேண்டும். நான்கு நாள் காய்ச்சலுக்கு இல்லை, பெரிய காயம் என்று சொன்னால் அவன் சம்பளம் கூரைக் கணக்கிலிருந்து இறங்கும். அந்த இடத்துக்கு ஒருவனைக் கூப்பிடலாம். சொல்லாமல் மறைத்தால், மூன்று மணிக்கு மேல் கடவுளே வந்தாலும் ஆள் கிடைக்காது. நம் ஆட்டக்காரர்கள் காயத்தைச் சொல்வார்களா? பல் மூன்று விழுந்தால் "லேசா கூசுது" என்கிற ஜாதி இது. அதிலும் இந்த வாரம், டாய்வோ இறந்த வாரம், எவன் வாயைத் திறப்பான்?

இன்னும் ஒரு வழக்கம் இருக்கிறது. லாகர்ஸ் அணியில் யார் இறந்தாலும் பெட்டியைத் தூக்குவது தடுப்பாட்டக்காரர்கள்தான். பெட்டிக்கு ஆறு பிடி. பக்கத்துக்கு மூன்று. இங்கிருந்து கல்லறைத் தோட்டத்துக் காத்திருப்பு அறைக்குப் போகிறார் டாய்வோ. மண் உறைந்து கிடக்கிறது. வசந்தம் வந்து இளகிய பிறகுதான் குழி தோண்ட முடியும். சீசன் முடிகிறவரை அவர் மண்ணுக்குள் போகப் போவதில்லை. நாம் என்ன செய்யப் போகிறோம் என்று அந்தக் குளிரில் படுத்துக் காத்துக்கொண்டிருப்பார். கடைசியில் அவரும் உட்கார்ந்து காத்திருக்கிற ஆளாகத்தான் ஆகிவிட்டார்.

தம்பிகளே, நேரம் ஆகிறது. தடுப்பாட்டக்காரர்கள் எழுந்து வாருங்கள். பெட்டிக்குப் பக்கத்தில் நில்லுங்கள். மற்றவர்கள் உட்கார்ந்தே இருக்கலாம்.

நில்லுங்கள். இன்னும் தூக்க வேண்டாம்.

அவையோரே, பாருங்கள். ஒரு பக்கம் நான்கு பேர் நிற்கிறார்கள். இன்னொரு பக்கம் இரண்டு பேர் நிற்கிறார்கள். இதுவரை எத்தனையோ பெட்டிகள் இந்த வாசலைக் கடந்து போயிருக்கின்றன. மூன்றுக்கு மூன்று என்று பிரிந்து நிற்கத் தெரியாத பையன்களா நீங்கள்?

லூக், உன் இடம் இந்தப் பக்கம். வலது கையால் பிடிக்க வேண்டிய பக்கம். நீ ஏன் அங்கே போய் நிற்கிறாய்? காலையில் எனக்கு இடது கையால் கை கொடுத்தாய். காப்பிக் கோப்பையை இடது கையால் எடுத்தாய். கூட்டம் தொடங்கியதிலிருந்து வலது கையைக் கோட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறாய். எடு தம்பி, வெளியே எடு. தோள் மட்டத்துக்குத் தூக்கு.

முடியவில்லை.

பரவாயில்லை, லூக். கீழே விடு. யாரும் உன்னை ஒன்றும் சொல்லப் போவதில்லை. என்ன சொல்கிறாய்? சத்தமாகச் சொல், அண்ணிக்குக் கேட்கட்டும். நானே சொல்கிறேன். "நான் உக்காந்துட்டா அப்புறம் யாரு ஆடுவாங்க?" என்கிறான்.

ஓரஸ்ட், உன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. இவன் முறை. இன்று மாலை ஏழு மணிக்கு, இந்தப் பலகையை எடுத்த பிறகு, இந்தப் பனியில், இந்தத் தோளோடு, இவன் அந்தச் சுவரைப் பார்த்துப் போயிருப்பான். நாம் எல்லோரும் இதே அரங்கத்தில் உட்கார்ந்து மட்டையைத் தட்டியிருப்போம்.

லூக், நாற்காலியில் உட்கார். உட்காருடா என்றால் உட்கார்.

டாய்வோ, இப்போது உங்களிடம் பேசுகிறேன். உங்கள் முன்னால், ஹெல்வி அண்ணி முன்னால், ஓரஸ்ட் முன்னால் உறுதி சொல்கிறேன். இந்த அணியின் தடுப்பாட்டப் பயிற்சியாளனாக நான் இருக்கிறவரை, காயப்பட்ட ஒருவன் தோளையும் என் கை தட்டாது. நான்கு பேர்தான் என்றால் அன்று ஆட்டமே வேண்டாம், தோற்றோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். காலையில் முதல் வாய்க் காப்பிக்கு முன்னால் உங்கள் கேள்வியை நான் கேட்பேன். இதற்காக என்னை வேலையிலிருந்து தூக்கினால், வாசலில் நின்றுகொண்டு கேட்பேன்.

இப்போது பெட்டிக்கு ஐந்து பேர் இருக்கிறார்கள். ஆறாவது பிடி காலியாக இருக்கிறது. நீங்கள் எல்லோரும் என்னைப் பார்க்கிறீர்கள். தெரிகிறது. எட்டாவது ஆள் இறங்கி வந்து இடத்தை நிரப்புவான் என்று நினைக்கிறீர்கள். ஆயுள் முழுக்க அதைத்தான் செய்தேன். என் பிரியமான மனிதரைக் கடைசியாகத் தூக்க எனக்கு ஆசை இல்லையா? நெஞ்சு வெடிக்கிற மாதிரி ஆசை இருக்கிறது. ஆனால் நான் தூக்க மாட்டேன். இன்று நான் நிரப்பிவிட்டால், காலியாக இருந்ததே யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

முதலாளி, மேடையிலிருந்து இறங்கி வாருங்கள். ஆறு பேர் போதும் என்றீர்கள். ஆறாவது ஆளாக நீங்களே நில்லுங்கள். கையுறையைக் கழற்றிவிட்டுப் பிடியுங்கள். வெண்கலப் பிடி, வழுக்கும். வாசல் வரை தூரம் அதிகம். காலடியில் பனி. பாதி வழியில் உங்களுக்குக் கை வலிக்கும். அப்போது மெதுவாகத் திரும்பி, மாற்றிப் பிடிக்கப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பாருங்கள்.

மூன்று மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. டெலிபோன் வாசலுக்குப் பக்கத்து அறையில் இருக்கிறது.